பதினாலாம் தடத்தின் தகுதிச் சான்று

கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மற்றதெல்லாம் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஒரு நீலக் கோப்புக்குள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே மேசைக்கு வந்துவிட்டது. ‘ஓட்டுநர் பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர்’ என்று அதில் எழுதியிருந்தது. அடியில், ‘மருத்துவ அலுவலர்’ என்ற இடத்தில் மட்டும் வெறும் கோடு.

அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் பேருந்துப் பணிமனையின் மருத்துவ அறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த டாக்டர் பதினோரு வருடம் அங்கே இருந்தவர். நின்றபடியே நாடி பார்ப்பார், நின்றபடியே மாத்திரை கொடுப்பார். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் தலைசுற்றலுக்கும் ஒரே வெள்ளை மாத்திரை. இவள் வந்த வாரமே ஒர்க் ஷாப்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வைத்தாள். வருகிற ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பணிமனையில் பெயர் வைக்க ஆளா இல்லை? ‘கேள்வி டாக்டர்’ என்று வைத்துவிட்டார்கள்.

கோப்புக்கு உரியவளுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. ஸ்டியரிங் அக்கா. நாற்பத்தொன்பது வயது. அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டிய முதல் பெண். பதினேழு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. போன வியாழக்கிழமை, நாற்பத்திரண்டு பயணிகளோடு போய்க்கொண்டிருந்த பதினாலாம் தடத்துப் பேருந்தை நடுவழியில் ஓரங்கட்டிவிட்டு இறங்கி, நடைபாதையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு நிமிடம். பிறகு தானாகவே எழுந்து வந்து ஓட்டினாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு பயணி புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

கோப்பின் பின்னாலேயே மேலாளரும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேசையில் எதுவும் ஒரு நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர்.

“கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். ஆபீஸ்ல உக்காரற வேலை ஏதாவது பாத்துக் குடுத்துடலாம். அவங்களுக்கும் வயசாகுதில்ல.”

“அவங்களை நான் இன்னும் பாக்கவே இல்லையே சார்.”

“பாத்தா மட்டும் என்ன மாறப்போகுது?”

“அது பாத்த பிறகுதான் தெரியும்” என்றாள் டாக்டர்.

ஸ்டியரிங் அக்கா பத்து மணிக்கு வந்தாள். கறுப்புப் பேன்ட், காக்கிச் சட்டை, தோளில் பெரிய பை. டாக்டர் தாழ்ப்பாள் போட்டதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“எதுக்கு இந்த மரியாதையெல்லாம்? என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். போட்டு அனுப்புங்க.”

“போடறதா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. வியாழக்கிழமை என்னாச்சு?”

“கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இண்டிகேட்டர் போட்டேன், ஓரங்கட்டினேன், ஹேண்ட் பிரேக் இழுத்தேன், இறங்கினேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.”

“அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

“தண்ணியா?” அக்கா சிரித்தாள். அதில் சிரிப்பே இல்லை. “காலையில நாலு மணிக்கு அப்புறம் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். குடிச்சா எங்க போறது? நீங்க சொல்லுங்க.”

டாக்டர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு என்பதே இல்லை. காகிதம் போல வெளுத்திருந்தது. நகங்களும் அப்படித்தான். குரலைத் தாழ்த்தாமல், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“மாதவிடாய் எப்படி வருது?”

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததில் சுவர் அதிர்ந்தது. அந்தச் சத்தம் ஒரு துணை போல இருந்திருக்க வேண்டும். அது ஓடி முடிகிற வரைக்கும் அவள் பேசினாள். ஒன்றரை வருடமாக இப்படித்தான். வந்தால் பதினைந்து நாள் நிற்பதில்லை. இரண்டு நாப்கின், அதன் மேல் மடித்த துணி, அதற்கு மேல் கறுப்புப் பேன்ட். சீட்டில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள். தோளில் கிடந்த பை அதற்குத்தான்.

“பழைய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“வாசல்ல பத்துப் பேர் நிக்கறப்போ சொன்னேன். ‘வயசாகுதும்மா, நிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான்’னார். எங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க, என் நாத்தனாரும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல.”

டாக்டர் கதவைத் திறந்து சிஸ்டரைக் கூப்பிட்டாள். அவள் அக்காவின் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தாள். பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்றில் நின்றது. சிஸ்டர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை போட்டாள். அதே ஆறு புள்ளி ஒன்று.

டாக்டருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவள் பதினோரு டன் வண்டியை ஓட்டியிருக்கிறாள். மயங்கி விழுவதற்கு முன்னால் நாற்பத்திரண்டு பேரைப் பத்திரமாக ஓரத்தில் நிறுத்தியிருக்கிறாள். அதற்குப் பரிசு இந்த நீலக் கோப்பு.

“அக்கா, இது வயசு இல்ல. இது நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரத்தம் ஏத்தணும், ஸ்கேன் எடுக்கணும், கர்ப்பப்பை உள்ளேருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். நான் போன் பண்ணிப் பேசறேன், சிஸ்டர் கூட வருவாங்க.”

“வண்டி?”

“சரியாகற வரைக்கும் ஓட்டக் கூடாது.”

அக்கா விருட்டென்று எழுந்தாள். “இதைச் சொல்றதுக்கா இத்தனை கேள்வி? கடைசியில நீங்களும் அவங்க பக்கம்தான்.”

“இப்ப ஓட்டக் கூடாதுங்கறது வேற. இனிமே ஓட்டவே முடியாதுங்கறது வேற. முதல்ல சொன்னதை நான் எழுதுவேன். ரெண்டாவதை என் கை எழுதாது.”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “ஆட்டோவுக்குச் சொல்லுங்க” என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சிஸ்டர் வீட்டுக்குப் போகாமல் அறைக்கு வந்தாள். நாலு வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். அதிகம் பேசமாட்டாள். அலமாரியைத் திறந்து மாத்திரைப் பதிவேட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“அவங்க ஒருத்தங்க மட்டும் இல்ல டாக்டர். பாருங்க.”

நாலு வருடம், அறுபத்து மூன்று பெண்கள். அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, தலைசுற்றல், மறுபடி நீர்க்கடுப்பு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த வெள்ளை மாத்திரை.

“இத்தனை நாள் இதை யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டினேன். ‘பதிவேடு சுத்தமா வெச்சிருக்கீங்க’ன்னு பாராட்டினாங்க.”

மறுநாளிலிருந்து டாக்டர் பதிவேட்டின் வரிசைப்படி ஒவ்வொருத்தியாக வரச்சொன்னாள். தலைக்குப் பதினைந்து நிமிடம், தாழ்ப்பாள் போட்ட கதவு. முதலில் யாரும் வரவில்லை. பிறகு விசில் வந்தாள். கண்டக்டர், இருபத்தெட்டு வயது. அவள் ஊதினால் நாலு தெரு தாண்டிக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். குழந்தை பிறந்து ஐந்து மாதம். ஒரு பக்க மார்பு கல்லாகக் கட்டி, சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. ஷிப்டு முழுக்கப் பாலை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். முடியாமல் போனால் டிக்கெட் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் நின்று பீய்ச்சிவிட்டு வருவாளாம்.

“பாலை நிறுத்திடச் சொன்னாங்க டாக்டர். வேலைக்கு வந்துட்டா அப்புறம் என்ன பால்னு.”

“நிறுத்த வேண்டாம். இப்ப நிறுத்தினா இன்னும் கட்டிக்கும். மருந்து தரேன், பிள்ளைக்குத் தாராளமாக் குடுக்கலாம். டிப்போவுக்குள்ள வண்டி வர்றப்பல்லாம் இந்த அறைக்கு வாங்க. திரை இருக்கு, சுத்தமான பாத்திரம் இருக்கு, சிஸ்டர் இருக்காங்க.”

“டைம் கீப்பர் திட்டுவாரே?”

“என்கிட்ட வந்து திட்டச் சொல்லுங்க.”

விசில் போய் என்ன சொன்னாளோ, மறுநாள் வராந்தாவில் வரிசை நின்றது. இருபத்தொரு வயதுப் பயிற்சி ஓட்டுநர் ஒருத்தி வந்தாள். மாதத்தில் இரண்டு நாள் வலியில் சுருண்டு வாந்தி எடுப்பாளாம். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். “கல்யாணம் மருந்து இல்லம்மா” என்றாள் டாக்டர். வலி தொடங்குவதற்கு முதல் நாளே எடுக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, இது வெறும் வலிதானா, உள்ளே வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினாள். வண்டிகளைக் கழுவும் பெரியம்மா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இருமினாலும் வாளியைத் தூக்கினாலும் சிறுநீர் கசியும், கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருக்கும். ஒன்பது வருடமாக இப்படி.

“வண்டி கழுவறதால எப்பவும் நனைஞ்சேதான் இருப்பேன், யாருக்கும் தெரியாது. அதுக்காகவே இந்த வேலையை விடல” என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்புத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கீழே இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் பொருத்தலாம், அறுவை இல்லாமலே பாதிக் கஷ்டம் போய்விடும் என்று விளக்கினாள். பெரியம்மா வாயைப் பிளந்தாள். “இதுக்கெல்லாம் வழி இருக்கா? ஒன்பது வருஷம் வீணாப் போச்சே.”

வியாழக்கிழமை மேலாளர் வந்து வரிசையைப் பார்த்தார்.

“மேடம், இது டிப்போ. ஆஸ்பத்திரி இல்ல. உங்களால மூணு வண்டி லேட்டு.”

“என்னால இல்ல சார். பதினோரு வருஷமாக் கேக்காததை நான் நாலு நாள்ல கேக்கறேன். கொஞ்சம் லேட்டாகத்தான் செய்யும்.”

“அந்த ஸ்டியரிங் விஷயம் அடுத்த வெள்ளிக்கிழமை குழுவுக்கு வருது. நான், சங்கச் செயலாளர், நீங்க. உங்க ஒப்பந்தமும் இந்த மாசக் கடைசியில புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.”

“நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள் டாக்டர். வராந்தாப் பக்கம் திரும்பி, “அடுத்தது யாரு?” என்று குரல் கொடுத்தாள்.

குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்னால், விடிகிற நேரத்தில், அவள் பதினாலாம் தடத்தின் முதல் வண்டியில் ஏறினாள். டிக்கெட் கிழித்த விசில் அவளைப் பார்த்து, “டாக்டர், இந்தப் பக்கம் யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றாள்.

“அதைப் பாக்கத்தான் வந்தேன்.”

ஐந்து பத்துக்குக் கிளம்பிய வண்டி பத்து நாற்பதுக்குத் திரும்பியது. இடையில் கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் நின்றது. அங்கே பெண்கள் கழிப்பறை ஒன்று இருக்கத்தான் செய்தது. கதவில் பாவாடை போட்ட உருவம்கூட வரைந்திருந்தது. பூட்டு தொங்கியது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் பழைய டயர்கள். ஆண் ஓட்டுநர்கள் கட்டடத்துக்குப் பின்னால் போய் வந்தார்கள். திரும்பி வரும்போது டாக்டருக்கு அடிவயிறு முட்டியது. ஒவ்வொரு வேகத்தடையும் உயிரை எடுத்தது. பணிமனைக்குள் நுழைந்ததும் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள். ஒரே ஒரு நாள்தான். பதினேழு வருடம் என்று நினைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. நீள மேசையின் ஒரு பக்கம் மேலாளரும் சங்கச் செயலாளரும், மறு பக்கம் டாக்டர், எதிரே ஸ்டியரிங் அக்கா. இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியதில் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. ஊசி போட்ட கையில் இன்னும் பிளாஸ்டர்.

“காரணம் என்னன்னு சொல்லிடுங்க மேடம்” என்றார் மேலாளர்.

“உடம்பு சரியில்ல, குணமாகும், அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. குழுவுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். மத்தது அவங்க சொந்த விஷயம்.”

“அப்படி மொட்டையாச் சொன்னா எப்படி?”

“நானே சொல்றேன்” என்றாள் அக்கா.

டாக்டர் அவளைப் பார்த்து, “சொல்லணும்னு கட்டாயம் இல்லக்கா” என்றாள்.

“தெரியும். ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்து என்ன கண்டேன்?” அக்கா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எனக்கு மாதவிடாய் சார். பதினஞ்சு நாள் நிக்காது. கர்ப்பப்பைக்குள்ள எலுமிச்சம்பழ அளவுல கட்டி. புற்று இல்லன்னு நேத்துச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் எடுக்கறாங்க.”

சங்கச் செயலாளர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

“மேல என்ன இருக்கு சார்? இங்க பாருங்க” என்றாள் அக்கா. “பதினேழு வருஷமா என்கிட்ட சந்தா வாங்கறீங்க. ஒருநாளாவது, ‘கடைசி ஸ்டாப்புல நீங்க எங்கம்மா போறீங்க’ன்னு கேட்டிருக்கீங்களா?”

அவர் மெதுவாகப் பார்வையைக் கீழே கொண்டுவந்தார்.

டாக்டர் நீலக் கோப்பைத் திறந்தாள். ‘நிரந்தரமாகத் தகுதியற்றவர்’ என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். மேலே, ‘பன்னிரண்டு வாரம் மருத்துவ ஓய்வு, அதன் பின் மறுபரிசோதனை செய்து ஓட்டுநர் பணி’ என்று எழுதினாள். பேனாவை மூடவில்லை. தாளைத் திருப்பி, ஓரத்தில் மேலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நகர்த்தினாள். மேலாளர் வாய்விட்டுப் படித்தார்.

“‘பதினாலாம் தடம்: ஐந்தரை மணி நேரத்தில் பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை இல்லை. இந்நிலையில் பெண்கள் பணிபுரிய இத்தடம் தகுதியற்றது.’ என்ன மேடம் இது? படிவத்துல இதுக்கு இடமே இல்லையே.”

“அதான் ஓரத்துல எழுதினேன்.”

“ஆளுக்குத்தான் தகுதிச் சான்று. தடத்துக்கு யார் கேட்டா?”

“யாரும் கேக்கல. அதனாலதான் இந்த நிலைமை.”

மேலாளர் சங்கச் செயலாளரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் டாக்டரம்மா எழுதினதுக்குக் கையெழுத்துப் போடறேன்” என்றார். போட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்கு அப்போதும் தைரியம் வரவில்லை.

ஓய்வு கிடைத்துவிட்டது. கழிப்பறைக்கு மட்டும் சாவி கிடைக்கவில்லை. கிடங்கில் கேட்டால் அலுவலகம், அலுவலகத்தில் கேட்டால் கிடங்கு. பத்து நாள் இப்படியே இழுத்தடித்தார்கள். பதினோராம் நாள் காலை, கடைசி நிறுத்தத்தில், விசில் ஒரு சுத்தியலால் பூட்டை ஒரே போடாகப் போட்டாள். ஷிப்டு இல்லாத பெண்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். சிஸ்டர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். டயர்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பதினாலாம் தடத்து வண்டியிலேயே ஏற்றினார்கள். பணிமனைக்குள் வண்டி நுழைந்ததும் அத்தனையையும் உருட்டிக்கொண்டு போய் மேலாளர் அறை வாசலில் அடுக்கினார்கள். முப்பத்தொரு டயர். பெரியம்மா எதையும் தூக்கவில்லை. டாக்டர் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் எண்ணுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள், வேண்டுமென்றே உரக்க எண்ணினாள்.

மேலாளர் வெளியே வர டயர்களுக்கு நடுவில் வழி தேட வேண்டியிருந்தது. “இதையெல்லாம் யார் செய்யச் சொன்னது?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லல” என்றாள் சிஸ்டர். நாலு வருடத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. “நாங்களே செஞ்சோம். தண்ணிக் குழாயை மட்டும் நீங்க சரி பண்ணிக் குடுங்க.”

அந்த வார இறுதியில் குழாய் வந்தது.

ஸ்டியரிங் அக்காவுக்குக் கட்டியை எடுத்தார்கள். இரும்புச்சத்து மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். பன்னிரண்டாம் வாரம் ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. மறுபரிசோதனையில் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் தலையசைத்ததும், அக்கா நேராக வெளியே போனாள். சிறிது நேரத்தில் பணிமனை வாசலில் ஹாரன் மூன்று முறை ஒலித்தது. அது விதிக்குப் புறம்பு. யாரும் புகார் எழுதவில்லை.

டாக்டரின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குத்தான் புதுப்பித்திருந்தார்கள். இப்போது அதுவும் முடிகிற நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மருத்துவ அலுவலர் தன் அதிகார எல்லையை மீறி வழித்தடம் குறித்துக் கருத்துச் சொன்னது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். சிஸ்டர் படித்துவிட்டு, “மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு வரி எழுதிட்டா விட்டுருவாங்க” என்றாள். சொல்லும்போதே அவள் முகத்தில் அதற்கு எதிரான நினைப்பு தெரிந்தது.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். யார் பெயரும் போடாமல், எந்தெந்த வயதில் எத்தனை பேர், எத்தனை வருடமாக என்ன தொல்லை, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வரிசையாக எழுதினாள். கடைசியில் விளக்கம் என்று தலைப்புப் போட்டு, ‘அந்தத் தடம் என் நோயாளிகளின் உடம்பு வழியாகத்தான் போகிறது. அதனால் அது என் எல்லைக்குள் வருகிறது’ என்று முடித்தாள். உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்கச் சிஸ்டரிடம் கொடுத்தாள்.

“வேலை போயிடும் டாக்டர்.”

“போகலாம். இன்னும் பதினாறு நாள் இருக்கு. ஒன்பதாம் தடத்துல எத்தனை பெண்கள்?”

“பதினொண்ணு.”

“அங்க கடைசி ஸ்டாப்புல என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல. வெறும் மரம்.”

டாக்டர் கைப்பையைத் திறந்து நாளைய டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். “முதல் வண்டி எத்தனை மணிக்குன்னு விசில்கிட்ட கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.